துலோன் துறைமுகத்து நண்பன்

புதுச்சேரிப் பக்கம் செலியமேட்டில் புகழ்வேந்தனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவன் கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டவர்களும் இல்லை. இரண்டு காணி கரும்பும் ஒரு காணி நெல்லும் வைத்திருந்தான். கல்லூரியில் இயற்பியல் படித்தவன். இருபத்தொரு வயதில் கடற்படையில் சேரப் போய், மருத்துவச் சோதனையில் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே இருந்த சிவப்பு எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பி வந்தான். அதன்பின் பதினேழு வருடமாகக் கப்பலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தான்.

படித்ததைப் பேச ஆள் வேண்டுமே. டெலிகிராமில் ‘கடலும் வானும்’ என்று ஒரு குழு தொடங்கினான். நான்கு வருடத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். போர் விமானம் வாங்கும் டெண்டர் ஏன் இழுக்கிறது, நீர்மூழ்கிக்கு எந்த நாட்டு வடிவம் நல்லது, விமானத்துக்கு இன்ஜின் ஏன் வந்து சேரவில்லை என்று நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். புகழ் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். பேப்பரில் வந்தது, அரசாங்கம் சொன்னது, இவை தவிர வேறெதையும் குழுவில் போடக் கூடாது.

கடற்படைக்கு இருபத்தாறு ரஃபேல் விமானங்கள் வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று குழுவில் எழுநூறு பதிவுகள் விழுந்தன.

“இது பேச ஆரம்பிச்சப்ப என் தலையில முடி இருந்திச்சி” என்று குரல் பதிவு போட்டான் தமிழ்க்குமரன். மேற்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தக்காரரிடம் பெயின்ட் அடிப்பவன். குழுவில் எல்லாரையும் சிரிக்க வைப்பவன் அவன்தான்.

“முடிய விடுண்ணா, இறக்கையப் பாரு. ரஃபேலுக்கு இறக்கை மடங்காது. நம்ம விமானந்தாங்கிக் கப்பல் லிஃப்ட்ல அது எப்படி எறங்கும்? அளவு போட்டுப் பாத்தீங்களா யாராச்சும்?” இது ஜோஸ்பின். பாகூர் பக்கத்துப் பெண், இருபத்தேழு வயது. மதகடிப்பட்டு அருகே கப்பல் உதிரிபாகம் செய்யும் ஒரு எந்திரப் பட்டறையில் கணினியில் வரைபடம் போடும் வேலை. குழுவில் பேசுகிற ஒரே பெண். கப்பல்களின் எடையையும் நீளத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அவள் ஒருமுறை போட்ட படத்தில் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான் ‘நீ நம்ம பக்கமா’ என்று புகழ் கேட்டான். அதிலிருந்து அவள் அவனுக்குத் தங்கை மாதிரி.

அந்த எழுநூறு பதிவுகளுக்கு நடுவேதான் கிருபாகரன் வந்தான்.

“லிஃப்ட்ல எறங்கும்மா. இறக்கை நுனியில இருக்கற ஏவுகணைத் தாங்கியக் கழட்டிட்டா எறங்கும். நான் இங்க துலோன்ல பாத்துக்கிட்டுதான இருக்கன்” என்று எழுதினான்.

சொந்த ஊர் வில்லியனூர் என்றான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊரில் ‘சொல்தா வூடு’ என்றுதான் சொல்வார்களாம். இவன் பிரான்சில் துலோன் துறைமுகத்து உணவகத்தில் வேலை. சன்னலைத் திறந்தால் போர்க்கப்பல்தான் என்றான். புதுச்சேரிக்காரனுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஊருக்குப் பத்துக் குடும்பமாவது அப்படி அங்கே இருக்கிறது.

ஒரு வாரத்தில் தனியாகப் பேசத் தொடங்கினார்கள். தினமும் மதியம் மூன்று மணிக்குப் போன் அதிரும். அவனுக்கு அங்கே முற்பகல்.

“இன்னா புகழு, வூட்டுல அல்லாரும் சவுக்கியமா? சாப்ட்டியாடா?”

“சாப்ட்டன்டா. நீ?”

அப்படி ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடும். கிருபாகரனுக்குத் தெரியாத கப்பல் இல்லை. அதைவிட முக்கியம், அவன் கேட்பான். புகழ் சொல்லச் சொல்ல, “அப்புறம்?” என்பான். ஒரு டெண்டர் ஏன் மூன்று முறை ரத்தானது என்று புகழ் அரை மணி நேரம் விளக்கினால், மறுநாள் அதிலிருந்து ஒரு நுணுக்கமான கேள்வியோடு வருவான். செலியமேட்டில் அப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. வயலில் மடை திருப்பும்போதும், மூன்று மணிக்கு என்ன சொல்லலாம் என்று புகழ் யோசிக்க ஆரம்பித்தான்.

புகழிடம் தூரத்தை இழுத்துக் காட்டும் கேமரா ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மணப்பட்டுக் கரைக்குப் போவான். படகுகளுக்கு அப்பால் கடற்படைக் கப்பல் ஏதாவது போனால் தேதி, நேரம், போன திசை, என்ன வகை என்று போனில் குறித்துக்கொள்வான். இதைக் குழுவில் போட்டதில்லை. கிருபாகரனுக்கு மட்டும் அனுப்பினான். அவன்தான் ஆசையாகக் கேட்டான்.

“ஊர்க் கடலப் பாத்து பன்னெண்டு வருசம் ஆவுதுடா. நீ பாக்கறத எனக்கும் சொல்லு.”

கடலில் போவதைக் கரையில் நின்று பார்ப்பதில் என்ன ரகசியம் இருக்கிறது? மீன் பிடிக்கிற எல்லாரும்தான் பார்க்கிறார்கள். புகழ் அப்படித்தான் நினைத்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் குழுவில் சண்டை வந்தது. புதிதாகக் கட்டப்போகும் ஒரு வகைச் சிறு போர்க்கப்பலைப் பற்றி, “எல்லாம் பேப்பர்லதான். இன்னும் ஒரு ஆணி கூட அடிக்கல. அஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் நடக்காது” என்று கிருபாகரன் எழுதினான். ஜோஸ்பின் மறுத்தாள். அவன் சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டான். “உனக்கு இன்னாமா தெரியும், சின்னப் பொண்ணு” என்றான். அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தன் கணினித் திரையில் இருந்த ஒரு வரைபடத்தின் மூலையைப் படம் எடுத்துப் போட்டாள். இரண்டு விரல் அகலம்தான். அதில் உதிரிபாகத்தின் எண்ணும், அது போகிற கப்பலின் எண்ணும் இருந்தன.

புகழ் நாலு நிமிடத்தில் அதை அழித்தான். அவளைக் கூப்பிட்டுத் திட்டினான்.

“கோவத்துல போட்டுட்டன்ணா. இனிமே இல்ல.”

“யாரும் பாத்துருக்க மாட்டாங்க, விடு” என்றான்.

அதற்குப் பிறகு ஜோஸ்பின் குழுவில் பேசுவது குறைந்தது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

நவம்பரில் ஒருநாள் மதியம் அவன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது, மனைவி இளவரசி பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்தியபடி அங்கேயே இருந்தாள். பேசி முடித்ததும் கேட்டாள்.

“அவரு ஊர்ல இப்ப குளிர்தான?”

“ஆமா, இன்னா அதுக்கு?”

“ஃபேனு ஓடுற சத்தம் கேக்குது. மே மாசமும் கேட்டுது, இப்பவும் கேக்குது.”

“சமையக்கட்டு ஃபேனா இருக்கும்.”

அவள் தாளைப் புரட்டினாள். “இன்னொண்ணு. நீங்க தெனம் இங்க போற கப்பல சொல்றீங்க. அவரு அங்க போற கப்பல எப்பனாச்சும் சொல்லியிருக்காரா?”

 துலோன் படங்கள் நிறைய வந்திருக்கின்றன என்று சொல்லப் புகழ் வாயெடுத்தான். அவை எல்லாமே வெயில் அடிக்கும் படங்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டிசம்பரில் அவனுடைய பம்பு மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்ட வில்லியனூருக்கு எடுத்துப் போனான். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா நிற்பதற்குக் கிருபாகரனின் வீட்டைப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் சந்தோஷப்படுவானே என்று தோன்றியது. அடையாளம் பல தடவை கேட்டதுதான். கோயிலுக்குத் தெற்கே போகிற தெரு, மாவு மில்லுக்கு எதிர் வீடு, நீலக் கேட்டு, வாசலில் அப்பாவின் சைக்கிள் எப்போதும் சாத்தியிருக்கும்.

மாவு மில் இருந்தது. எதிரில் வீடும் இருந்தது. கேட்டு மட்டும் பச்சை. நிறத்தில் தன் கண்ணை அவன் நம்புவதில்லை. மில்லில் இருந்தவரிடம் கேட்டான். பச்சைதான் என்றார்.

வீட்டிலிருந்து ஐம்பது வயது அம்மா ஒருவர் வந்தார். கிருபாகரன் என்றால் அவருக்குத் தெரியவில்லை.

“நாங்க முப்பத்தஞ்சு வருசமா இங்கதாம்பா இருக்கறோம். எங்க வூட்டுல பிரான்சுக்குப் போன ஆளு யாரும் இல்லியே.”

“நீலக் கேட்டுன்னு சொன்னாரும்மா.”

“நீலமா?” அந்த அம்மா சிரித்தார். “எம்பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்சது. ஒரு வருசம்தான் இருந்திச்சி. கலர் நல்லால்லன்னு பச்ச மாத்திட்டம். அதுக்கு முன்னாடி கேட்டே கிடையாது, மரப் படல்தான்.”

“வாசல்ல சைக்கிள் இருக்குமா?”

“எங்க வூட்டுக்காரரு சைக்கிளு. வித்துட்டம் அத. நீ யாருப்பா, இதெல்லாம் கேக்குற?”

புகழ் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தான். மில் ஓரமாக நின்று போனில் வரைபடத்தைத் திறந்து, தெருவைப் படமாகக் காட்டும் இடத்துக்குப் போனான். எப்போதோ ஒரு வண்டி ஓட்டிக்கொண்டு போய் எடுத்த படம். அதே வீடு. கேட்டு வேறு நிறம். அதில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. கிருபாகரன் சொன்ன சின்ன வயது வீடு மொத்தமும் அந்த ஒரு படத்துக்குள் இருந்தது. படத்துக்கு வெளியே இருந்த எதையும் அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

மணி மூன்று. கையில் போன் அதிர்ந்து ஒரு செய்தி வந்தது.

“இன்னாடா, எங்க இருக்க? இன்னிக்கி கரைக்குப் போலியா?”

 புகழ் தெருவை இருபுறமும் பார்த்தான். ஒரு ஆட்டோவும் இரண்டு ஆடுகளும்தான்.

‘வயல்ல இருக்கன்டா’ என்று எழுதினான். எட்டு மாதத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

மோட்டாரை விட்டுவிட்டு ஜோஸ்பினைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும், “மதகடிப்பட்டுக்கு வாங்கண்ணா. நேர்ல சொல்றன்” என்றாள்.

விழுப்புரம் சாலையில் பழச்சாறுக் கடை ஒன்றின் உள்ளே உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பேசாமல் போனை அவன் பக்கம் தள்ளினாள். ஆகஸ்டில், அவள் படம் போட்ட மறுநாளே கிருபாகரன் எழுதியிருந்தது:

“நீ போட்ட படம் எங்கிட்ட இருக்குதும்மா. உங்க கம்பெனிக்கு அனுப்புனா வேல போவும். போலீசுக்கு அனுப்புனா நீயே போவ. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. முழு டிராயிங் ஒண்ணே ஒண்ணு குடு, போதும். புகழாண்ட சொல்லாத, அவன் பயந்தவன். சாப்ட்டியாமா?”

கடைசி வார்த்தையைப் புகழ் இரண்டு முறை படித்தான். தன்னிடம் கேட்கிற அதே வார்த்தை.

“குடுத்தியா?”

“ரத்தான பழைய டிராயிங் ஒண்ண எடுத்து, அளவெல்லாம் மாத்தி அனுப்புனன். தொலஞ்சிபோவான்னு.” அவள் குரல் இறங்கியது. “மூணு நாள் கழிச்சி எழுதுறான்ணா, இது ரத்தானதுமா, புதுசு அனுப்புன்னு. ரத்தானது அவனுக்கு எப்படித் தெரியும்? எங்க பட்டறையில இருபது பேருக்குத்தான் தெரியும். புதுசு அனுப்பாம நாளைக்கி நாளைக்கின்னு இழுத்துக்கிட்டுருக்கன். நாலு மாசமா நான் யாரு மொகத்தயும் நேராப் பாக்கல. யாரு வந்து டீ குடுத்தாலும் இவனான்னு தோணுது.”

எதிரில் வைத்த பழச்சாற்றை இருவரும் தொடவில்லை. அந்த நேரத்தில் தான் சொன்னதை நினைத்துப் பிற்பாடு புகழ் நிறைய நாள் குமைந்திருக்கிறான்.

“அழிச்சிடலாம்மா. குரூப்பயே அழிச்சிடலாம். போனையும் மாத்திடலாம். நம்பளுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜோஸ்பின் அவனைப் பார்த்தாள். “குரூப்புல அவன் எத்தன பேராண்ட பேசறான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நமக்கு எதுக்கு அது? எனக்குக் குடும்பம் இருக்கு.”

“எனக்கும்தான் இருக்கு. நான் போய் போலீசாண்ட சொல்லப் போறன்” என்று சொல்லிவிட்டு எழுந்து பேருந்தைப் பிடிக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்த புகழ், குறித்து வைத்திருந்த கப்பல் கணக்கையெல்லாம் போனிலிருந்து அழித்தான். மொத்தம் இருநூற்றுப் பதினாறு. அழித்து முடித்த பிறகுதான், அத்தனையும் அங்கே பத்திரமாக இருக்கிறது, இங்கேதான் இல்லை என்பது உறைத்தது. இளவரசியிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. “அந்தப் பொண்ணு கூட நீங்க போயிருக்கணும்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, வெள்ளைக் கார் ஒன்று வரப்போரம் வந்து நின்றது. பேன்ட் சட்டையில் மூன்று பேர். மூத்தவர் தன் பெயர் பாக்யராஜ் என்றார். சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னார். எந்த அலுவலகம் என்று அட்டையை எடுத்துக் காட்டினார், புகழால் படிக்க முடியாத வேகத்தில் உள்ளே வைத்துக்கொண்டார்.

“ஜோஸ்பின் வந்தாங்க. நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தோம். வரல.”

“பயந்துட்டன் சார்.”

“தெரியுது.”

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் பாக்யராஜ் ஒரு கற்றைத் தாளை மேசையில் பரப்பினார். வேறொரு வழக்கில், வேறொரு ஊரில் பிடித்த கணினியில் இருந்ததாம். வரிசை வரிசையாகத் தேதி, நேரம், இடம். பன்னிரண்டு வெவ்வேறு ஆட்கள் எழுதியதை நேரப்படி அடுக்கியிருந்தார்கள். தூத்துக்குடி, கோடியக்கரை, காரைக்கால், மணப்பட்டு, மாமல்லபுரம். மணப்பட்டுக்கு நேரே, ‘மங்கலாத்தான் தெரிஞ்சிது, முன்பக்கம் கூர்மை, வடக்க போவுது’ என்று இருந்தது. புகழின் வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல். தனியாக எழுதியபோது அது ஒரு வேடிக்கை. மேலும் கீழும் மற்றவர்களின் வரிகளோடு சேர்த்துப் படித்தால் ஒரே கப்பலின் மூன்று நாள் பயணம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

“இவங்கள்ல யாருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாது” என்றார் பாக்யராஜ். “எல்லாரும் உங்க மாதிரிதான். நாட்டு மேல பாசம் உள்ளவங்க. கப்பல்னா உயிர். உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட எதையும் கேக்கவே வேணாம். தப்பா ஒண்ணு சொன்னா போதும், திருத்த ஓடி வருவீங்க.”

ஜோஸ்பினை நினைத்துப் புகழ் தலை குனிந்தான்.

“இப்ப நீங்க ஒரு உதவி பண்ணணும். அவன்கிட்ட எப்பவும் போலப் பேசணும். நாங்க பக்கத்துல இருப்போம். எவ்வளவு நேரம் பேசறானோ அவ்வளவுக்கு எங்களுக்கு அவன் இருக்கற இடம் நெருங்கும்.”

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டரைக்குக் கார் வரும். ஊரில் கேட்டவர்களிடம் பயிர்க் காப்பீட்டு ஆட்கள் என்று சொல்லச் சொன்னார்கள். பாக்யராஜ் புகழுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். இன்னொருவர் கணினியோடு கட்டிலில். மூன்றாமவர் கொல்லைப்பக்கம். குரலில் பேச வேண்டாம், எழுத்தில் பேசுங்கள் என்றார்கள். மூன்று மணிக்குப் போன் அதிரும்போது வீட்டில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கும். இளவரசி பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அடுக்களை வாசலில் நிற்பாள்.

“இன்னா புகழு, குரல் போட மாட்டன்ற?”

‘தொண்ட கட்டிக்கிச்சி’ என்று எழுதினான்.

“சுடுதண்ணி குடி. சரி, அந்த நீர்மூழ்கி டெண்டர் இன்னா ஆச்சி? நீ சொன்ன மாதிரியே ஆவுது பாத்தியா?”

முதல் இரண்டு நாள் புகழ் பயந்து பயந்து ஒவ்வொரு வரியாக எழுதினான். மூன்றாம் நாள் அதைவிடப் பயங்கரமான ஒன்று நடந்தது. பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் எத்தனை நாள் மூச்சடக்க முடியும் என்ற வாதத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை மறந்து, பத்து நிமிடம் விடாமல் எழுதினான். கிருபாகரன் ‘அப்புறம்?’ என்றான். அந்த வார்த்தையைப் பார்த்ததும் வழக்கம் போல ஒரு சந்தோஷம் வந்தது. தலை நிமிர்ந்தபோது இளவரசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் பாக்யராஜ் கொஞ்சம் தெம்பாக இருந்தார். “இன்னும் ரெண்டு நாள் கிடைச்சா போதும்” என்று கட்டிலில் இருந்தவர் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குப் பேச்சு தொடங்கியது. பத்து நிமிடம் ரஃபேல் ஓடியது. பிறகு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. கடைசியில் ஒரு வரி விழுந்தது.

“உன் பக்கத்துல உக்காந்துருக்கவரு சாப்ட்டாராடா?”

 பாக்யராஜ்தான் முதலில் எழுந்தார். சன்னல் ஓரம் போய் வெளியே பார்த்தார். வெட்டாமல் நின்ற ஒரு காணிக் கரும்பு காற்றில் சலசலத்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. உள்ளே பத்துப் பேர் நின்றாலும் தெரியாது. கொல்லையில் இருந்தவர் அதற்குள் ஓடிப்போய்ப் புகுந்திருந்தார். மற்றவர் மாடிக்கு ஓடினார். இளவரசி வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

புகழின் கையில் இருந்த திரையில் கிருபாகரனின் படம் மறைந்தது. பிறகு பெயர் மறைந்தது. எட்டு மாதப் பேச்சு முழுவதும் வரி வரியாகக் காணாமல் போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கரும்புக்குள் யாரும் இல்லை. தெருவில் அந்நிய ஆள் வந்ததாக யாரும் சொல்லவுமில்லை. ஆனாலும் அன்றைக்கு மீதமிருந்த கரும்பை வெட்ட ஆட்களை உள்ளே அனுப்பப் புகழுக்கு மனம் வரவில்லை.

முதலில் சந்தேகம் அவன் மேல்தான் வந்தது. நீதானே சைகை காட்டினாய் என்று புதுச்சேரியில் ஒரு அறையில் நான்கு நாள் கேட்டார்கள். அடிக்கவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான்காம் நாள் பாக்யராஜ், அந்த ஆறு நாள் பேச்சை அச்செடுத்த தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“இத நீங்களே படிங்க. முதல் நாள்லேருந்து.”

புகழ் படித்தான். முதல் இரண்டு நாள், ‘நீ இன்னாடா சொல்ற’, ‘உனக்குத் தெரியாதா’ என்று இருந்தது. மூன்றாம் நாள் கடைசியில் ‘நீங்க’ என்று ஒரு இடம். நான்காம் நாள் ‘சொல்லுங்க’. ஐந்தாம் நாளிலும் ஆறாம் நாளிலும் எல்லாமே ‘நீங்க’, ‘உங்களுக்கு’, ‘பாத்தீங்களா’. ஒரு ‘டா’ கூட இல்லை.

“வேணும்னே செஞ்சீங்களா?”

“சாமி சத்தியமா இல்ல சார். எழுதறப்ப தெரியவே இல்ல.”

“பின்ன ஏன்?”

புகழ் தாளைத் திருப்பிப் பார்த்தான். “பக்கத்துல நீங்க இருந்தீங்க. அதுவா இருக்கலாம். இல்லன்னா…” நிறுத்தினான். “ஏமாத்தறோம்னு தெரிஞ்ச பெறகு வாடா போடான்னு கூப்புட வாய் வரல சார். தெரியாத ஆளுகிட்டப் பேசற மாதிரி ஆயிப்போச்சி.”

பாக்யராஜ் தாள்களை அடுக்கினார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. “நாங்க மூணு பேரு உக்காந்து படிச்சோம். எங்களுக்குத் தெரியல. அவன் பிடிச்சிட்டான்” என்றார். எழுந்துகொண்டே, “அவ்வளவு நல்லா நம்ம பேச்சு தெரிஞ்சவன்” என்றார்.

போனையும் கேமராவையும் திருப்பித் தரவில்லை. குழுவை மூடச் சொன்னார்கள். ஜோஸ்பினைப் பட்டறையில் முதலில் விடுப்பில் அனுப்பினார்கள், பொங்கல் கழிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ரத்தான வரைபடம் பற்றிச் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த இருபது பேரில் பத்தொன்பது பேர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார்கள். அவள் இப்போது வீட்டிலிருந்தே கட்டடப் படங்கள் வரைந்து தருகிறாள். புகழ் போய் மன்னிப்புக் கேட்டான். “நீங்க அப்பவே கூட வந்துருந்தா நல்லாருந்திருக்கும்ணா” என்றாள். அவன் தலையாட்டினான். அவள் சொன்னது அவ்வளவுதான், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

மார்ச்சில் பேப்பரில் செய்தி வந்தது. மேற்குக் கரையில் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் உட்புறப் படங்களை வெளியாளுக்கு அனுப்பிய பெயின்டர் கைது. படத்தில் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். பெயர் தமிழ்க்குமரன். அவன் முக்கியமான படங்களை அனுப்பிய தேதிகளும் போட்டிருந்தன. கிருபாகரன் புகழின் போனிலிருந்து காணாமல் போனதற்கு மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் அவை. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் போதும் என்று கட்டிலில் இருந்தவர் சொன்னதைப் புகழ் இளவரசியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது கேட்டிருந்தது.

பாக்யராஜின் அலுவலகம் போட்ட வழக்கு என்பதால் விசாரணை சென்னையில். புகழும் ஜோஸ்பினும் சாட்சிகள். அழைப்பாணை வந்த அன்று இருவரும் ஒரே பேருந்தில் சென்னைக்குப் போனார்கள். நீதிமன்ற வராந்தாவில் நெடுநேரம் காத்திருந்தார்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவே ஒருவனை அழைத்து வந்து எதிர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. முன்மண்டை வழுக்கை. சட்டைக் கையில் சாம்பல் நிறப் பெயின்ட் கறை இன்னும் போகாமல் இருந்தது. காவலரிடம் தண்ணீர் கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் ஜோஸ்பின் புகழின் கையைப் பிடித்தாள்.

அவனும் அவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

“புகழ் அண்ணனா?”

புகழ் தலையசைத்தான். காவலர் வேறு பக்கம் பார்த்தார்.

“நல்லாருக்கீங்களா அண்ணே?” தமிழ்க்குமரன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவங்க என்னென்னமோ சொல்றாங்க. கிருபாவுக்கு ஒண்ணும் ஆகலியே? பத்திரமா துலோன்லதான இருக்கான்?”

புகழ் வாயைத் திறந்தான். எதிரில் இருந்த கண்களில் கேலி இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது. வில்லியனூர் வீட்டைப் பற்றி, அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல நினைத்தான். தன்னையே அங்கே பார்ப்பது போலிருந்தது.

“தெரியலப்பா” என்றான்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். தமிழ்க்குமரன் எழுந்து, காவலர்களோடு நடந்து போனான்.